வாடிய ரணகள்ளி பூப்பது எப்படி?

கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும்போது தொட்டியிலுள்ள ரணகள்ளி சுருங்கி நிற்கலாம். பிடுங்கி எறிய வேண்டாம். தண்டு உறுதியாக இருந்தால் நீரூற்றியதும் தேறிவிடும். தண்டு அழுகியிருந்தாலும், நல்ல இலை ஒன்றை ஈரமண்மேல் வைத்தால் விளிம்பிலிருந்து கன்றுகள் முளைக்கும்.

இச்செடி வறட்சியைத் தாங்கக் காரணம் இரண்டு. சதைப்பற்றான இலை நீரைச் சேமிக்கிறது. இலைத்துளைகள் பகலில் மூடி இரவில் திறப்பதால் நீராவிப்போக்கு குறைகிறது. இரவில் ஏற்ற கார்பன் டைஆக்சைடு மாலிக் அமிலமாகத் தங்கி, பகலில் உணவு தயாரிக்க உதவுகிறது. இவ்விலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் புளிப்பு மறைவதையும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் 1813-இல் எழுதினார்.

நீண்ட பகல்களில் வளர்ந்த செடி, மார்கழியை ஒட்டி இரவு நீளும்போது தொங்கும் குழல்வடிவப் பூக்களை விடும். நமக்கு எதிர்பாராததாகத் தோன்றினாலும், இரவின் நீளத்தை உணர்ந்தே அது பூக்கிறது. இரவெல்லாம் விளக்கெரியும் இடத்தில் பூப்பது தடைபடலாம்.

முதல் பாடவேளையிலும் கடைசிப் பாடவேளையிலும் இலைச்சாற்றைப் பி.எச். தாளில் சோதித்து, நிறங்களை மாணவர்கள் ஒப்பிடட்டும். இலையில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளதால் சுவைத்துப் பார்க்க அனுமதிக்கக் கூடாது.