கைமாறிய காரில் பந்தயக் குணம்

ஐந்தாறு லட்ச ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கார் கன்சல்டிங்கில் போய், "ஸ்போர்ட்ஸ் கார் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம். சினிமாவில் வரும் இரண்டு கதவு, இரண்டு இருக்கை, தரையோடு தரையாக ஒட்டிய கார் அந்த விலைக்கு வராது. வந்தாலும் பழனியிலிருந்து பக்கத்து நெய்க்காரப்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் வேகத்தடைகளில் அதன் அடிவயிறு தேய்ந்துவிடும். ஆனால் பார்க்க எடுப்பாகவும், ஓட்டத் துள்ளலாகவும், நம்பி வெளியூர் எடுத்துப்போகக் கூடியதாகவும் இருக்கும் பழைய கார்கள் அந்தப் பணத்துக்கு இந்தியாவில் உண்டு. அவற்றில் ஒன்று, நெய்க்காரப்பட்டிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பஸ் ஏறும் கோயம்புத்தூரிலேயே உருவானது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது எடையை. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989ல் எம்.எக்ஸ்-5 என்ற திறந்த கூரைக் காரைக் கொண்டுவந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறன் அளவில் சக்தி, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. நேர்ச்சாலையில் அதை முந்த ஆயிரம் கார்கள் இருந்தன. வளைவுகளில் அது தந்த சுகத்தைத் தர அந்த விலையில் வேறு கார் இல்லை. 2016ல் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகில் அதிகம் விற்றது அதுதான்.

அந்த நிறுவனம் அதை இந்தியாவில் விற்கவே இல்லை. கோவாவின் சான் மோட்டார்ஸ், ரெனோ இன்ஜினைப் பொருத்தி 'ஸ்டார்ம்' என்றொரு திறந்த கூரைக் காரைச் செய்து பார்த்தது. அது சேகரிப்பாளர்களின் கொட்டகையோடு நின்றுவிட்டது. ஆகவே நம் ஊர் ஆசைக்காரர்களுக்கு வாய்த்தது வேறு வழி: சாதாரண சின்னக் காரின் உடலுக்குள் கூடுதல் சக்தியுள்ள இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் வைத்த வண்டிகள். வீட்டில் நாலு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை வைக்கலாம், மலைப்பாதையில் ஆசையும் தீரும்.

கோவைக்கு இதில் பழைய உறவு உண்டு. கரிவரதன் என்ற பந்தய வீரர், மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற மலிவான பந்தயக் காரை உருவாக்கி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லாதவர்களும் பந்தயத்துக்குள் வர வழி செய்தார். 1995ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

அதே ஊரில் பந்தய வீரர் ஜே. ஆனந்த் நடத்தும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. அதன் விளைவாக 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று இரண்டு கார்கள் வெளிவந்தன. டாக்சியாகவும் குடும்பக் காராகவும் ஓடிக்கொண்டிருந்த டியாகோவுக்குள் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் இழுவிசை. சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், அகலமான டயர் போட்டார்கள், பானெட்டில் காற்றுத் துளை வைத்தார்கள். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து வினாடிக்குள் தொடும் என்றது நிறுவனம். புதிதாக டியாகோ ஜே.டி.பி.யின் ஷோரூம் விலை 6.39 லட்சம்தான். அன்று அந்த விலைக்கு அப்படிப்பட்ட கார் இந்தியாவில் வேறு இல்லை.

வாங்கியவர்கள் குறைவு. 2020ல் பி.எஸ்-6 மாசு விதி வந்தபோது இரண்டு கார்களையும் நிறுத்திவிட்டார்கள். பழைய கார் வாங்குபவர் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜே.டி.பி.யின் இன்ஜின் குடும்பம் டாடா நெக்ஸானிலும் இருப்பது. அதனால் இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைப்பார், பொருள் கிடைக்கும். ஆனால் முன் பம்பர், பானெட், ஸ்பிரிங் போன்றவை அந்தக் காருக்கென்றே செய்தவை. முகத்தில் அடிபட்ட ஜே.டி.பி. எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாமல் இருப்பது நல்லது. அடிபடாத ஜே.டி.பி. கிடைத்தால் விடக்கூடாது.

இளைஞர்கள் அதிகம் தேடுவது இதையல்ல, ஃபோக்ஸ்வாகன் போலோவை. 2013ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே மயங்கியவர்கள் உண்டு. அந்தக் காரின் புகழுக்கும் அவப்பெயருக்கும் ஒரே பொருள்தான் காரணம்: டி.எஸ்.ஜி. என்ற ஏழு வேக கியர்பாக்ஸ்.

அதற்குள் இரண்டு கிளட்ச்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்கள் ஒரு கிளட்சில். இரண்டு, நான்கு, ஆறு, ரிவர்ஸ் இன்னொன்றில். கார் மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராகப் பூட்டப்பட்டு நிற்கும். ஒரு கிளட்ச் விலக, மற்றது சேர, கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறிவிடும். ஜெர்மன் நெடுஞ்சாலைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இந்த ஏழு வேக வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்காமல் உலர்ந்தே இயங்குகின்றன. நின்று நின்று நகரும் நெரிசலில் அவை சூடாகும், உதறும். அதைவிடத் தொல்லை, கிளட்சுகளை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற மின்னணு-ஹைட்ராலிக் பெட்டி. அதில் அழுத்தம் போனால் கார் இருந்த இடத்தில் நின்றுவிடும். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை, டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,000க்கு மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. கியர்பாக்ஸ் வேலை செய்ததற்கான ரசீது இல்லாத ஜி.டி. டி.எஸ்.ஐ.யை வாங்குவது, வருகிற செலவைச் சேர்த்து வாங்குவதுதான்.

போலோதான் வேண்டும் என்றால் 2020க்குப் பிறகு வந்ததைத் தேடலாம். அதில் மூன்று சிலிண்டர் 1 லிட்டர் டர்போ, 110 குதிரைத்திறன், ஆறு வேக மேனுவல் கியர். ஆட்டோமேட்டிக் வேண்டுபவர்களுக்கும் அதில் டி.எஸ்.ஜி. கிடையாது, பழைய, உறுதியான டார்க் கன்வர்ட்டர் வகைதான். போலோ 2022ல் இந்தியாவில் நின்றுபோன பிறகும் பழைய வண்டிகளின் விலை இறங்க மறுத்து அடம்பிடிக்கிறது.

தேள் சின்னம் பிடித்தவர்களுக்கு அபார்த் புன்டோ இருக்கிறது. கார்லோ அபார்த் 1949ல் இத்தாலியில் தொடங்கிய நிறுவனம் அது. தேள் அவருடைய ராசிச் சின்னம். 2015ல் ஃபியட் இந்தியாவில் வெளியிட்ட அபார்த் புன்டோவுக்கு 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். காகிதத்தில் இந்தக் கட்டுரையில் வரும் சின்னக் கார்கள் எல்லாவற்றையும் அது தோற்கடிக்கும். ஆனால் ஃபியட் பெயரில் கார் விற்பனை இங்கே 2019ல் நின்றுவிட்டது. ஒரு சென்சாருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருப்பவர், வீட்டில் இன்னொரு கார் வைத்திருப்பவர் வாங்கலாம். ஒரே காராக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். இன்னொரு ரகம். 2007ல் வந்தது, டர்போ இல்லாத எளிய இன்ஜின், நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல், சாலையின் ஒவ்வொரு சிறு கல்லையும் கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங். ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எஃப்.சி. எடுத்து, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2008 மாடல் ஃபியஸ்டாவின் முதல் கெடு 2023லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்த ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அமைதியான தேர்வு மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017 மார்ச்சில் 8.69 லட்சத்துக்கு வந்தது. 1 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 குதிரைத்திறன், ஐந்து வேக மேனுவல், பின் சக்கரத்திலும் டிஸ்க். வெளியே பார்த்தால் அடுத்த வீட்டு பலேனோ மாதிரியே இருக்கும் என்பதுதான் அதன் குறை. திருடனுக்கும் அப்படியே தோன்றும் என்பது அதன் நிறை. பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023ல் 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களை மாருதி திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய் மாருதி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். கைக்கு இன்னும் கொஞ்சம் எட்டினால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரித்து 2021ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனையும் பார்க்கலாம். 120 குதிரைத்திறன், கதறும் சைலன்சர்.

ஆறு லட்சத்துக்குப் பன்னிரண்டு வயது ஆடியும் பி.எம்.டபிள்யூவும் கிடைக்கின்றன. விலை இறங்கியது காருக்குத்தான். அதன் உதிரிபாகத்துக்கு இல்லை. ஐம்பது லட்ச ரூபாய் காரின் ஏர் சஸ்பென்ஷன், காருக்குப் பன்னிரண்டு வயதானாலும் ஐம்பது லட்ச ரூபாய் காரின் விலையில்தான் வரும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு எடுத்தால் போதும்.

இனி வண்டியைப் பார்ப்பது. ஓட்டிப் பார்க்கக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். "உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்று உரிமையாளர் சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. டர்போ காரில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. புகைக்குழாயில் வெளியேறும் வாயு ஒரு சின்ன விசிறியைச் சுற்ற, அதே அச்சில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது; இதுதான் டர்போ. அந்த அச்சு நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அதற்கு உயவு இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றாமல் ஓட்டிய முந்தைய ஓனரின் சோம்பேறித்தனம், அடுத்த ஓனரின் காலத்தில்தான் புகையாக வெளியே வரும்.

மீட்டரைக் குறைப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல டயரைப் பார்க்க வேண்டும்: ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2019 மாடல் கார், மீட்டரில் 28 ஆயிரம் கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2022ல் செய்தவை என்றால் கணக்கு உதைக்கிறது. மழமழவென்று தேய்ந்த ஸ்டீயரிங்கும் கிளட்ச் பெடலும் அதே கதையைச் சொல்லும். கம்பெனி சர்வீஸில் ஓடிய கார் என்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்பது பதிவாகியிருக்கும்.

கேரளா பக்கத்தில் இருப்பதால் இன்னொரு சோதனையும் வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கேயும், 2015 டிசம்பரில் சென்னையிலும் நிறையக் கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்திலும் ஸ்டெப்னி குழியிலும் துரு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பலாம்.

ஏற்கெனவே ஆசைக்காரர் வைத்திருந்த கார் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இன்ஜினின் மின்னணு மூளையை மாற்றிச் சக்தி கூட்டியிருப்பார். சைலன்சரைக் கழற்றிச் சத்தம் ஏற்றியிருப்பார். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் அபராதத்தைவிட, விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விதான் கனமானது. எரிபொருளிலும் ஒரு விஷயம் உண்டு: 2023க்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம். பெட்ரோல் குழாய்களின் ரப்பரை மெக்கானிக் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

காகிதம் எளிது, ஆனால் அதில்தான் பலர் மாட்டுகிறார்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும். டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் கார்களுக்குப் பல ஆண்டுகளாகத் தடை இருந்ததால் அவை மலிவாகத் தெற்கே வருகின்றன. வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் காரோடு வராது.

ஆறு லட்சத்துக்குள், நெய்க்காரப்பட்டியில் வைத்து ஓட்ட ஒரே கார்தான் சொல்ல வேண்டும் என்றால் பலேனோ ஆர்.எஸ். கோவையின் கைவண்ணம் வேண்டும் என்பவருக்கு அடிபடாத டியாகோ ஜே.டி.பி. எதை எடுத்தாலும், தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரைக்காரர்கள் நிறைந்த சாலையில் அதன் வேகத்தைக் காட்ட வேண்டாம். கரி ஸ்பீட்வே நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நான்கு டயர், பிரேக் பேட், எல்லா ஆயிலும் மாற்ற ஐம்பதாயிரம் ரூபாயை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு விலை பேசுங்கள்.