பிள்ளைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள்



அமெரிக்காவில் இன்று ஐம்பது, அறுபது வயதிலிருக்கும் தகப்பன்மாரில் பலர், சிறுவயதில் மண்பாதைகளிலும் வெளிகளிலும் 'டர்ட் பைக்' எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகியவர்கள். அதே வண்டியைத் தேடி வாங்கி, தங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ கொடுக்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. அங்கே குடியேறியுள்ள நம்மவர் வீடுகளிலும் இப்பேச்சு எழக்கூடும்.

முதலில் கவனிக்க வேண்டியது வண்டியின் அளவு. ஹோண்டா இசட் 50 வகையின் மூதாதை, 1961-ல் டோக்கியோ அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் விளையாட்டு வண்டியாக வந்தது. 49 சி.சி. எஞ்சின், சிறு சக்கரங்கள். கியர் உண்டு, கிளட்ச் பிடி இல்லை. 1973-ல் வந்த ஹோண்டா எக்ஸ்ஆர் 75 வேறு ரகம். கிளட்சும் கியரும் கைவந்த பெரிய பிள்ளைக்கே அது ஏற்றது. 1980-களின் தொடக்கத்தில் வந்த யமஹா பிடபிள்யூ 50-ல் கியரே இல்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு திருகாணியால் பெரியவர்கள் கட்டுப்படுத்தலாம். தகப்பனின் கனவு எக்ஸ்ஆர் 75 ஆனாலும், முதன்முதலாகப் பழகும் சிறு பிள்ளைக்கு இதுவே நல்லது. இருக்கையில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பள்ளிச் சட்டையைப் பெரிதாகத் தைப்பதுபோல் வண்டி வாங்கக் கூடாது.

2008-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பொருட்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தியது. சில உதிரிபாகங்களில் ஈயம் கலந்திருந்ததால், 2009-ல் சிறுவர் வண்டிகள் கடைகளிலிருந்து மறைந்தன. சிறிய வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களின் வண்டியில் ஏறிவிடுவார்களே என்ற கவலை எழுந்தது. 2011-ல் இவ்வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

வாங்கப் போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாயிருந்தால், ஆறிய நிலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாம். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். இரு நிலையிலும் அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். துருப்பிடித்த கேபிள் சிக்கிக்கொண்டால், பயந்த பிள்ளை கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்குமேயன்றி விடாது. ஆகவே எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது உடைந்திருக்கும். புதிதாக மாட்டும்போது, கீழே விழுந்தால் தானே கழன்று எஞ்சினை அணைக்கும் கயிறு கொண்டதாக மாட்டுவது நலம்.

டயரில் பூ தேயாமலிருக்கலாம். பக்கவாட்டில் வெடிப்பிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அத்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நுரையீரலுக்கு அது செய்யும் தீங்கு பல ஆண்டுகள் கழித்தே தெரியும். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி இல்லாத வண்டியைப் பிள்ளையின் விரல்களுக்கு அருகே விடாதீர்கள். புகைக்குழாயின் சூடு காலைச் சுடாதபடி ஒரு தகடும் தேவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார் ஓட்ட உரிமம் பெறும் வயது வராத பிள்ளைகள் இத்தகைய வண்டிகளை ஓட்டவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அதை அறிந்த பிறகும் வாங்குகிறவர்கள், வண்டிக்குப் பேசிய விலையோடு புதிய ஹெல்மெட், பூட்ஸ், கையுறை ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிடட்டும். தகப்பன் அக்காலத்தில் அணிந்த ஹெல்மெட் அலமாரியிலேயே இருக்கட்டும். அதன் உள்பஞ்சு எப்போதோ இறுகிப்போயிருக்கும்.