உங்கள் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது?



உங்கள் கடவுச்சீட்டு இப்போது எங்கே இருக்கிறது? கணவரின் அலுமாரியிலா, மகனின் பையிலா, ஏஜென்சிக்காரரின் மேசையிலா? அதிலுள்ள பெயரும் பிறந்த திகதியும் உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா? எமது வீடுகளில் அனேகமான பெண்களுக்கு இதற்குப் பதில் தெரியாது. உம்ராவுக்கோ வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமோ புறப்படும் நேரத்தில்தான் தேடத் தொடங்குகிறோம். "அதெல்லாம் ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதில் ஒரு பிழை இருந்தால், அதன் பாரத்தைச் சுமப்பவர் அதில் யாருடைய படம் இருக்கிறதோ அவர்தான்.

மூதூரின் ரிஸானா நபீக்கை நாம் மறக்க முடியாது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரி 4ஆம் திகதி. கடவுச்சீட்டிலோ 1982 பெப்ரவரி 2 என்று இருந்தது. 2005இல் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றபோது அவருக்கு வயது 17. சீட்டின்படி 23. அவரது பராமரிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்த வழக்கில் 2007இல் மரண தண்டனை தீர்ப்பாயிற்று. சம்பவ நேரத்தில் அவர் பராயமடையாத பிள்ளை என்று பலரும் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் சவூதித் தரப்பு கடவுச்சீட்டிலிருந்த வயதையே எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டி எழுதுவோம் என்று எவர் சொன்னாலும் இணங்காதீர்கள். பிழையான திகதியைக் கண்டால், பயணம் முடியட்டும் என்று தள்ளிப் போடவும் வேண்டாம்.

பிழை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்கம் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரி எப்போதும் 29 நாளாகவே எண்ணப்படும். 1972 மார்ச் 15இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு அது 75ஆவது நாள். ஆகவே அவருடைய பழைய அட்டை இலக்கம் 72575 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையானால் 1972575 என்று தொடங்கும்.

அடுத்தது பெயர். பாத்திமா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்து ஒருவர் எழுதுவார், சேர்க்காமல் இன்னொருவர் எழுதுவார். விமான டிக்கட்டிலும் விசாவிலும் இந்த ஓர் எழுத்து போதும், உங்களை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவதற்கு.

திருத்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிறப்புச் சான்றிதழிலேயே பிழையென்றால் முதலில் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் அதைத் திருத்த வேண்டும். பின்னர் கிராம உத்தியோகத்தர் ஊடாக அடையாள அட்டை. அதன் பின்னரே கடவுச்சீட்டு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோதும் 2004 சுனாமியிலும் பத்திரங்களை இழந்தவர்கள் மனம் தளர வேண்டாம். பிறப்புப் பதிவு பதிவேட்டில் இருந்தால் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். பிழை கடவுச்சீட்டில் மட்டுமே என்றால் சான்றிதழ்களுடன் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். தலைமையகம் பத்தரமுல்லையில் உள்ளது. கண்டி, மாத்தறை, குருநாகல், வவுனியா ஆகிய இடங்களிலும் அலுவலகங்கள் உண்டு.

சலவைக்குப் போட்ட உடுப்போடு சீட்டு நனைவதும், பிள்ளைகள் பேனையால் கிறுக்குவதும் வீட்டில் நடப்பவைதாம். கிழிந்த பக்கத்தைப் பசை கொண்டு ஒட்டாதீர்கள், எழுத்தைச் சுரண்டாதீர்கள். படமுள்ள பக்கத்தின் அடியில் வரிக்கு 44 எழுத்தாக இரு வரிகள் இருக்கும். இயந்திரம் வாசிப்பது அவற்றைத்தான். அவை கெட்டுப்போனால் புதிய சீட்டுத்தான் வழி.

தொலைந்துவிட்டால் வீடு முழுவதும் நன்றாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தாமதியாமல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். அந்தப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். வழமையான கட்டணத்துடன் அபராதமும் அறவிடப்படும். முறைப்பாட்டின் பின் பழைய சீட்டு அகப்பட்டால் அதைக் கொண்டு பயணம் போகாதீர்கள். தொலைந்த சீட்டுகளின் விபரத்தை 2002 முதல் இன்டர்போல் திரட்டி வைத்திருக்கிறது. விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்படலாம். அதைத் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். புதிய சீட்டின் இலக்கம் வேறாக இருக்கும். ஆகவே உம்ரா விசா எடுத்திருந்தால் முகவருக்கு உடனே அறிவியுங்கள்.

வெளிநாட்டில் தொலைந்தால் அங்குள்ள பொலிஸில் முறையிட்டு எமது தூதரகத்தை நாடுங்கள். சவூதியில் ரியாதில் தூதரகமும் ஜித்தாவில் கொன்சியூலர் அலுவலகமும் உள்ளன. நாடு திரும்புவதற்குத் தற்காலிகப் பயணப் பத்திரம் பெறலாம். தொழிலாளியின் கடவுச்சீட்டை எஜமானர் பறித்து வைக்க சவூதிச் சட்டம் இடமளிப்பதில்லை. அங்கு போகும் உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இன்று இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள். படமுள்ள பக்கத்தின் இரு போட்டோப் பிரதிகளை எடுத்து ஒன்றை உம்மாவிடமோ ராத்தாவிடமோ கொடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாத மாமியின் சீட்டையும் கையோடு பார்த்துக் கொடுங்கள்.