இழுவைக் கப்பலின் மஞ்சள் விளக்கு

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரவில் விசைப்படகில் போகும்போது எதிரே வந்த கப்பலில் மூன்று வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்தனவாம். கூடவே சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று இன்னொரு வரிசை. அது என்ன கப்பல் என்பது அவர் கேள்வி.

பின்னால் வேறொரு கலத்தை இழுத்துவரும் ‘டக்’ என்னும் இழுவைக் கப்பல் அது. பச்சை, சிவப்புப் பக்க விளக்குகளைப் பற்றி வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றை 1972இல் உருவாகி 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. இழுக்கும் கப்பலுக்கு மேலும் கீழுமாக இரண்டு வெள்ளை விளக்குகள். டக்கின் பின்முனையிலிருந்து இழுபடும் கலத்தின் கடைசி நுனி வரை 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. இழுவையின் பாரத்தால் வழியை விட்டு விலகவே பெரும்பாடு என்றால், எல்லாத் திசைக்கும் தெரியும்படி சிவப்பு-வெள்ளை-சிவப்பும் சேரும். பகலில் அதற்குப் பதிலாக உருண்டை, வைரவடிவம், உருண்டை ஆகிய கறுப்பு அடையாளங்களை ஏற்றுவார்கள்.

இவற்றில் விசேஷமானது டக்கின் பின்புறம், வெள்ளை விளக்குக்கு நேர் மேலே எரியும் மஞ்சள் விளக்கு. அந்த மூன்று வெள்ளை விளக்குகளும் முன்பக்கம் 225 பாகைக்குள் இருப்பவருக்கே தெரியும். மீதமுள்ள 135 பாகைக்குள், பின்பக்கமாக வரும் மீனவருக்கு அவை தெரியவே தெரியாது. டக் எதையோ இழுக்கிறது என்று அவருக்குச் சொல்வது மஞ்சள்தான். பின்னால் இழுபட்டு வரும் ‘பார்ஜ்’ என்னும் சரக்குக் கலத்தில் பக்க விளக்குகளும் பின் விளக்கும் மட்டுமே இருக்கும். மஞ்சளைக் கவனிக்காதவர் இரண்டையும் தனித்தனிக் கலங்கள் என்று நினைத்து நடுவே புகுந்துவிடலாம்.

இதை எழுதுபவரின் ஊரில், பழுதான லாரியை இன்னொரு லாரி இழுத்துப் போகும்போது வடக்கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கடலில் அதற்கு வழியில்லை. கனமான இரும்பு வடம் தன் எடையாலேயே தொய்ந்து தண்ணீருக்குள் கிடக்கும். அலையில் இரண்டு கலங்களும் வெட்டி இழுக்கும்போது அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

அந்த அதிர்ச்சியின் மூர்க்கத்துக்கு ஓர் உதாரணம், இழுத்துச் செல்லப்பட்ட, முடிக்கப்படாத ‘வார்யாக்’ விமானந்தாங்கிக் கப்பல். சுமார் 300 மீட்டர் நீளம். 2001 நவம்பரில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஏஜியன் கடலுக்கு வந்ததும் புயலில் வடம் அறுந்து, சில நாள் கட்டற்று மிதந்தது. மீண்டும் கட்டும் முயற்சியில் ஒரு மாலுமி உயிரிழந்தார். 2002 மார்ச்சில்தான் அது சீனாவின் டாலியான் துறைமுகத்தைச் சேர்ந்தது.

ஆளில்லாத பார்ஜில் விளக்கு அணைந்தால் உடனே கவனிக்க அங்கே யாரும் இல்லை. உரிய விளக்குகளைக் காட்ட முடியாவிட்டாலும் ஏதாவது ஒரு வகையில் அது இருப்பதைத் தெரியப்படுத்த வேண்டும் என்று விதி கண்டிப்பாகச் சொல்கிறது. பார்ஜ் விளக்குகளைச் சோதிக்காமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவது பெரும் தவறு. எளிதாகத் திரும்ப முடிகிற டக், வசதிக்காக சிவப்பு-வெள்ளை-சிவப்பை எரியவிடுவதும் தவறுதான். நிஜமாகவே திணறும் கப்பலின் விளக்கை அப்புறம் யார் நம்புவார்கள்?

மீனவ நண்பர்களே, வெள்ளைக்கு மேல் மஞ்சள் தெரிந்தால் நடுவே போகாதீர்கள். பின்னால் வருவதும் முழுதாகக் கடந்துபோகட்டும்; அதற்கும் பின்னால் சுற்றிப் போங்கள்.