சொல் வந்த வழி: பதுங்குவோரைப் பழிக்கும் 'ஸ்கல்க்'

மறைந்து நடமாடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் 'லர்க்' ஓரிடத்தில் ஒளிந்து காத்திருப்பதையும் 'பிரவுல்' இரை தேடி உலவுவதையும் முதன்மையாகச் சுட்ட, 'ஸ்கல்க்' என்பதோ பிறர் கண்ணில் படாமல் பதுங்கித் திரிவதோடு, அவ்வாறு திரிபவர் கோழை அல்லது தீய எண்ணம் கொண்டவர் என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இச்சொல்லின் பிறப்பிடத்தை அதன் முதல் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இருந்த 'ஸ்க' என்னும் ஒலிக்கூட்டு காலப்போக்கில் 'ஷ' எனத் திரிந்துவிட, ஸ்காண்டிநேவிய மொழிகளில் அது பெரும்பாலும் திரியாமல் நின்றது; ஒரே வேரிலிருந்து கிளைத்த 'ஷர்ட்', 'ஸ்கர்ட்' ஆகிய இரண்டில் முன்னது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையாகவும் பின்னது வைக்கிங்குகளின் மொழிவழி வந்ததாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய அம்மக்களின் பேச்சிலிருந்து பெற்ற சொற்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'ஸ்கல்க்', ஏறத்தாழ 1200 முதல் எழுத்தில் காணப்படுகிறது. இதன் உறவுச் சொற்கள் டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதையும், ஸ்வீடிஷ் மொழியில் பள்ளிக்கு மட்டம் போடுவதையும் குறிக்கின்றன. போர்முனையிலிருந்து நழுவி ஒளியும் சிப்பாயை ஆங்கிலேயர் 'ஸ்கல்கர்' என்று இகழ்ந்ததிலும் இப்பொருளே தொனிக்கிறது.

1486-இல் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' என்னும் வேட்டை நூல், கூட்டங்களுக்கு உரிய பெயர்களைத் தொகுக்கும்போது, நரிகளின் கூட்டத்துக்கும் திருடர்களின் கூட்டத்துக்கும் இரந்துண்ணும் கிறிஸ்தவத் துறவியரின் கூட்டத்துக்கும் இந்த ஒரே சொல்லை வழங்கியுள்ளது. அத்துறவியர் மீது அக்காலத்து மக்களுக்கு எத்தகைய ஐயம் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனினும் இச்சொல்லின் பழிக்கும் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்ட இடம், இன்றைய அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து ஆகும். வாம்பனோக் மக்களின் தலைவர் மெட்டாகாம் 1675-இல் ஆங்கிலக் குடியேறிகளுக்கு எதிராகத் தொடங்கிய போரில், மரங்களுக்கும் புதர்களுக்கும் பின்னிருந்து சுட்டுவிட்டு மறையும் பூர்வகுடியினரின் முறையை, திறந்த வெளியில் அணிவகுத்து நிற்பதையே வீரமெனக் கொண்டிருந்த குடியேறிகள் 'ஸ்கல்கிங்' என்று தூற்றினர். உண்மையில் அது நுட்பமான போர்க்கலை. கனலும் திரியைக் கொண்டு வெடிக்கும் பழைய துப்பாக்கியில் திரியின் ஒளியும் நாற்றமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், போருக்கு நெடுநாள் முன்பே அவர்கள் சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கியைத் தேர்ந்துகொண்டிருந்தனர். ஆங்கிலேயருக்கு வழிகாட்டியாகச் சென்ற பூர்வகுடியினர் ஒருவர், வீரன் ஒருவனின் புதிய காலணி கிறீச்சிடுவதைக் கேட்டு, அவன் அதைக் கழற்றித் தம்முடைய மென்தோல் காலணியை அணியும்வரை மேலே நடக்க மறுத்ததையும், மற்றொருவனின் தோல் காற்சட்டை சரசரக்காதபடி அதை நனைக்கச் செய்ததையும் டேனியல் குக்கின் என்னும் குடியேற்ற அதிகாரி எழுதிவைத்துள்ளார்.

ஆங்கிலேயர் ஒரே குவியலாகச் செல்வதால் அவர்களைச் சுடுவது ஒரு வீட்டைச் சுடுவதுபோல் எளிது எனத் தம்மிடம் பூர்வகுடியினர் கூறியதைப் படைத்தலைவர் பெஞ்சமின் சர்ச்சும் பதிவு செய்திருக்கிறார். பூர்வகுடியினரையும் சேர்த்த படையோடு அவர்களுடைய முறையையே கையாண்ட அவர் 1676 ஆகஸ்டில் மெட்டாகாமை வீழ்த்தினார். சுட்டவரும் சர்ச்சின் படையிலிருந்த ஒரு பூர்வகுடியினரே. அதே பதுங்கல் தம் கைக்கு வந்தபின் பழிச்சொல் உதிர்ந்துபோயிற்று. காட்டில் உலவிப் போரிடும் 'ரேஞ்சர்' படைகளின் முன்னோடி என்று சர்ச் இன்றும் போற்றப்படுகிறார். மெட்டாகாமின் மக்களுக்கு அந்த நீதி கிடைக்காதது வருந்தத்தக்கது.

இன்று பழிப்பு சிறிதுமின்றி இச்சொல்லை ஆள்வோர் பறவை நோக்கர்கள். கோரைப் புதரை விட்டு வெளிவராத கானாங்கோழி வகைகளையும், புல்லுக்குள் எலியைப் போல் ஓடி மறையும் சில கதிர்க்குருவிகளையும் அவர்கள் 'ஸ்கல்கர்' என்று அழைக்கின்றனர். அவற்றுள் ஒன்றைத் தெளிவாகக் காண அரைநாள் காத்திருக்கவும் அவர்கள் தயங்குவதில்லை.