வியட்நாமின் கட்டாயத் தலைக்கவசச் சட்டம்

வியட்நாமின் கட்டாயத் தலைக்கவசச் சட்டம் என்பது, விசையுந்து (மோட்டார் சைக்கிள்) ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்து செல்பவரும் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் அணிய வேண்டும் எனக் கட்டாயப்படுத்திய விதியாகும். இது 2007 திசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வருமானம் குறைந்த நாடுகளின் சாலைப் பாதுகாப்பு குறித்த பொதுச் சுகாதார ஆய்வுகளில் இது பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

உலக சுகாதார அமைப்பின் கணக்கீட்டின்படி, 2021 இல் சாலை விபத்துகளில் சுமார் 11.9 இலட்சம் பேர் இறந்தனர். இவற்றுள் 92% இறப்புகள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு இதுவே முதன்மைக் காரணம்.

வியட்நாமில் பதிவான வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை விசையுந்துகளே. முந்தைய விதி குறிப்பிட்ட சில சாலைகளுக்கு மட்டுமே பொருந்தியது, அபராதமும் குறைவு. வெப்பமான காலநிலையில் தலைக்கவசம் அணிவதை மக்கள் விரும்பவில்லை. அதைச் 'சோறு சமைக்கும் மின்பானை' என்று கேலி செய்வதும் உண்டு. புதிய விதியுடன் அபராதம் பன்மடங்கு உயர்ந்தது. விழிப்புணர்வுப் பரப்புரையும் காவல்துறைச் சோதனையும் சேர்ந்து நடந்தன.

ஆய்வு முடிவுகள்

சாலையோரம் நின்று எண்ணிப் பார்க்கும் முறையில் மூன்று மாகாணங்களில் நடந்த கணக்கெடுப்பில், சுமார் 40% ஆக இருந்த தலைக்கவசப் பயன்பாடு சட்டத்திற்குப் பின் 90%க்கும் மேல் உயர்ந்தது. சட்டத்திற்கு முந்தைய, பிந்தைய மூன்று மாதங்களை 20 மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு ஒப்பிட்ட தொடக்க ஆய்வு, விபத்தில் சிக்கியோருக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 16%, இறக்கும் வாய்ப்பு 18% குறைந்ததாகக் கண்டது. மருத்துவமனைக்கு வரும் முன்பே சாலையில் இறந்தோர் பொதுவாக இத்தகைய பதிவுகளில் இடம்பெறுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

குழந்தைகள்

தொடக்கத்தில் சிறுவர்களுக்கு அபராதம் இல்லை; கவசமின்றி அவர்களை ஏற்றிச் செல்லும் பெரியவர்களைத் தண்டிக்கவும் தெளிவான வழி இல்லை. கவசத்தின் எடை குழந்தையின் கழுத்தைப் பாதிக்கும் என்ற அச்சமும் பெற்றோரிடம் இருந்தது. இதனால் தாய் தந்தையர் கவசம் அணிந்திருக்க, நடுவில் அமர்ந்த குழந்தை வெறுந்தலையுடன் செல்வது வழக்கமாயிற்று. ஆய்வாளர்கள் இக்குறையைச் சுட்டிக்காட்டினர். 2010 இல், 6 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தையைக் கவசமின்றி ஏற்றிச் செல்லும் பெரியவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

முறையாக அணிந்த தரமான தலைக்கவசம், விசையுந்து விபத்தில் இறக்கும் வாய்ப்பைச் சுமார் 42%, தலைக்காய வாய்ப்பைச் சுமார் 69% குறைப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. ஆனால் தாடைப் பட்டியை மாட்டாவிட்டால் மோதிய உடனே கவசம் கழன்றுவிடும். அதிர்ச்சியைத் தாங்கும் உட்புற நுரைப்பகுதி இல்லாத மலிவான கவசங்கள் அபராதத்திலிருந்து மட்டுமே காக்கும், தலையைக் காக்கா. எனவே எத்தனை பேர் கவசம் அணிகின்றனர் என்பதுடன், எத்தகைய கவசத்தை எவ்வாறு அணிகின்றனர் என்பதையும் அளவிடுவது இத்துறை ஆய்வுகளில் இன்றியமையாததாகும்.