காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’: வெறுமையும் ஓவிய அமைப்பும்

புனைவியல் நிலக்காட்சி ஓவியங்களின் உணர்வுநிலையை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ஓவியரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகின்றனர். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840), 1781இல் தாயை இழந்தவர். 1787இல் தம்பி நீரில் மூழ்கி இறக்கக் கண்டவர். ஆகவே அவர்தம் ஓவியங்கள் துயர் தோய்ந்தவை என்பது வழக்கமான வாய்பாடு. 1808–1810 ஆண்டுகளில் அவர் தீட்டிய ‘கடலோரத் துறவி’ இவ்வாய்பாட்டுள் அடங்குவதன்று. அதன் தனிமையுணர்வு, அவர் வரைந்தவற்றைவிட நீக்கியவற்றாலேயே உருவாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஓவியம் 110 செ.மீ. உயரமும் 171.5 செ.மீ. அகலமும் உடையது. கீழே வெளிறிய மணற்கரை. அதன்மேல் மெல்லிய பட்டையாகக் கருங்கடல். எஞ்சிய பெரும்பரப்பு முழுதும் வானம். இடப்பக்கம் நமக்கு முதுகுகாட்டி நிற்கும் சிறு துறவியுருவம் ஒன்றே இக்கிடைநிலைப் பட்டைகளுக்கு எதிரான செங்குத்துக் கோடு. அவர் யார், ஓவியர்தாமா என்னும் விவாதம் இங்கு நமக்கு வேண்டுவதன்று.

அக்கால நிலக்காட்சி மரபில் இருபக்கமும் மரமோ பாறையோ நின்று காட்சியைச் சாளரம்போல் வரையறுக்கும். கடற்காட்சியாயின் இடையில் ஒரு கப்பல் மிதந்து தொலைவை அளக்க உதவும். பார்ப்பவரின் கண் அண்மையிலிருந்து சேய்மைக்குப் படிப்படியாகச் செல்லும். இவ்வோவியத்தில் அப்படிகள் இல்லை. தொடுவானக் கோடு தடையின்றி இருவிளிம்பும் தொட்டு, சட்டத்திற்கு அப்பாலும் நீள்வதாகத் தோன்றுகிறது. கடலின் அகலத்தை அறிய வழியில்லை. துறவி நிற்குமிடத்திலேயே நம் பார்வையும் நின்றுவிடுகிறது.

இவ்வெறுமை முதல் எண்ணத்தில் தோன்றியதன்று. முன்பு வரைந்த கப்பல்களை ஃப்ரீட்ரிக் பின்னர் வண்ணத்தால் மறைத்துவிட்டார் என்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியுள்ளது. 1809இல் இதனைக் கண்ட மரீ ஹெலேன ஃபொன் க்யூகல்கன் என்பார், கடலில் ஒரு படகுகூட இல்லையே எனக் கடிதமொன்றில் குறைபட்டுக்கொண்டார். பாராட்டாக எழுதப்பட்ட பல விளக்கங்களைவிட இக்குறைகூறலே ஓவியத்தின் அமைப்பைச் சரியாகச் சுட்டுகிறது.

1810இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் இவ்வோவியம் இடம்பெற்றபோது, பிரெண்டானோவும் ஆர்னிமும் எழுதிய கட்டுரையை ஹைன்ரிக் ஃபொன் க்ளைஸ்ட் பெரிதும் மாற்றித் தம் நாளிதழில் வெளியிட்டார். கண்ணிமைகள் அரிந்தெடுக்கப்பட்டாற் போன்ற நிலையை இவ்வோவியம் பார்ப்பவர்க்கு உண்டாக்குவதாக அவர் கருதினார். இதனை வெறும் உணர்ச்சியுரையாகக் கொள்ளுதல் பொருந்தாது. மரபோவியத்தின் பக்கமரங்கள் காட்சிக்கு இமைகளாக இருந்தன. ஃப்ரீட்ரிக் அவ்விமைகளையே அகற்றினார்.

கண்காட்சியில் இதனோடு ‘ஓக் காட்டில் மடாலயம்’ என்னும் ஓவியமும் இணையாக வைக்கப்பட்டது. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இரண்டையும் வாங்கினார். இன்று இரண்டும் பெர்லின் பழைய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. பழுப்பேறிய வார்னிஷ் நீக்கப்பட்டு அவை 2016இல் மீண்டும் காட்சிக்கு வந்தபோது, வானத்தின் மேற்பகுதி முன்னிலும் தெளிந்த நீலமாகத் தெரிந்தது. முன்னையோர் ஓவியரின் உள்ளத்து இருளாகக் கண்டதில் ஒரு பகுதி, அவ்வார்னிஷின் இருளே.